முப்பத்தாறாவது புள்ளி கடலில் இருந்தது

புதிதாகப் புவியியல் கற்பிக்க வந்திருக்கிறவர்களே, சுவரில் வரைபடத்தை விழுத்துவதற்கு முன் வகுப்பறையை இருட்டாக்குவீர்கள். படம் தெளிவாகத் தெரிவதற்காக அதைச் செய்வீர்கள். ஆனால் இருட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. இருட்டில் பிள்ளைகள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அந்த உண்மையை எங்கே வைத்துக் காப்பாற்றுவது என்று தெரிந்துகொண்டு திரைச்சீலையை இழுங்கள். எனக்கு அது பிந்தித்தான் தெரிந்தது.

எந்தப் பொத்தானை அழுத்தினால் எது வரும் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கொட்டாஞ்சேனையில் நான் கடைசியாகப் படிப்பித்த பாடசாலையில், புவியியல் அறைக்கு ஐந்து ஜன்னல்கள். மூன்றுக்குத்தான் திரைச்சீலை இருந்தது. மற்ற இரண்டிலும் வெள்ளவத்தை வீட்டிலிருந்து மனைவியின் பழைய சேலைகளைக் கொண்டுபோய்க் கட்டினேன். ஒன்று மஞ்சள், ஒன்று கத்தரிப்பூ நிறம். புரொஜெக்டரைப் போட்டதும் சுவர் முழுவதும் கொழும்பு விரியும். கடலின் நீலம் முன்வரிசைப் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையில் விழும். மின்விசிறியின் நிழல் துறைமுகத்தின் மேல் சுற்றிச் சுற்றி வரும். சுவரில் ஈரம் ஊறிய ஒரு திட்டு இருந்தது. அது எப்போதும் களனி ஆற்று முகத்துக்கு எதிரே, கடலுக்குள், யாரும் பெயர் வைக்காத தீவு போல நிற்கும். அந்த அறையில் யாரும் உரத்துப் பேசுவதில்லை. வெளியே மாதா கோயில் மணி அடித்தாலும், அது தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போல இருக்கும்.

நான் மட்டும் நிம்மதியாக இருந்ததில்லை. டேட்டா முடிந்துவிடுமோ, கரண்ட் போய்விடுமோ, புரொஜெக்டரின் விளக்கு இன்றைக்கு அவிந்துவிடுமோ என்று மனம் எண்ணிக்கொண்டே இருக்கும். கதிரைகளை எண்ணுவேன், ஜன்னல் கம்பிகளை எண்ணுவேன், பிள்ளைகளை இரண்டு தரம் எண்ணுவேன். பிள்ளைகள் என்னைக் ‘கல்குலேட்டர் சேர்’ என்று கூப்பிடுவது எனக்குத் தெரியாது என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள்.

அந்த வருடம் என்னிடம் இருந்தது தரம் பத்து. முப்பத்தாறு பிள்ளைகள். குடியிருப்புகளின் பரம்பல் என்ற பாடம். புத்தகத்தில் எங்கோ ஒரு நாட்டின் படம் இருந்தது. அதை விட்டுவிட்டு, எங்கள் நகரத்தையே சுவரில் போட்டேன். பாடசாலைக்குள் கைத்தொலைபேசி கொண்டுவரக் கூடாது. ஆகவே இருந்த ஒரே மடிக்கணினிக்கு ஒவ்வொருவராக வந்து, தத்தம் வீட்டின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். முடிவில் நம் வகுப்பு இந்த நகரத்தில் எப்படிச் சிதறிக் கிடக்கிறது என்று பார்ப்போம் என்றேன்.

அவர்கள் வந்தார்கள். வரிசையில் நின்று, தங்கள் வீட்டை வானத்திலிருந்து தேடினார்கள். அது ஒரு விசித்திரமான காட்சி. தினமும் நடந்து வருகிற ஒழுங்கையை மேலிருந்து அடையாளம் தெரியாமல் விரலால் தடவிக்கொண்டே போவார்கள். பிறகு சட்டென்று ஒரு கூரையில் நிற்பார்கள். கிராண்ட்பாஸிலிருந்து வரும் அஸ்லம் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, “சேர், இந்தக் கறுப்பு வட்டம் எங்கட வீட்டுத் தண்ணி டேங்க். நானும் வாப்பாவும்தான் ஏத்தினது” என்றான். அவன் குரலில் வீடு வாங்கியவனின் பெருமை இருந்தது.

புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. முகத்துவாரத்தில் ஐந்து, புளூமெண்டால் பக்கம் எட்டு, ஜிந்துப்பிட்டியில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதினொன்று. நான் எண்ணிக்கொண்டே வந்தேன்.

கடைசியாக நிரோஷினி வந்தாள். முன்வரிசையில் இருந்தாலும் இருக்கிறாளா என்று பார்க்க வேண்டிய பிள்ளை. பதிவின்படி அவளும் ஜிந்துப்பிட்டி. கணினி முன் மற்றவர்களைவிட நெடுநேரம் நின்றாள். தூரம் அளக்கும் கோட்டை எடுத்து எதையோ இழுத்தாள், அழித்தாள், மறுபடி இழுத்தாள். பிறகு புள்ளியை வைத்துவிட்டு இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

புள்ளி கடலில் இருந்தது. களனி ஆறு கடலில் விழும் இடத்துக்கு எதிரே, கரையிலிருந்து நன்றாகத் தள்ளி, சுவரின் அந்த ஈரத் திட்டுக்குப் பக்கத்தில்.

“சேர், இவ கப்பல்ல இருக்கிறா” என்றது ஒரு குரல். “அப்ப தினமும் பெரிய மீன்தான்” என்றது இன்னொன்று. யாரோ அலை போலச் சத்தம் போட, வகுப்பே சிரித்தது.

என் கை மவுஸுக்குப் போனது. முப்பத்தைந்து சரி, ஒன்று பிழை. பிழையைத் திருத்துவதுதானே என் தொழில். ஜிந்துப்பிட்டிக்கு அதை இழுத்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும். அப்போது அவள் எழும்பி நின்றாள்.

“பிழையா வைக்கல்ல சேர். சரியாத்தான் வச்சேன்.”

நீல வெளிச்சத்தில் அவள் முகம் தெரியவில்லை. நான் கையை எடுத்துவிட்டேன். இருக்கட்டும், அடுத்த பாடத்தில் பார்ப்போம் என்றேன். அன்றைக்கு நான் செய்த சரியான காரியம் அந்த ஒன்றுதான். பிள்ளை வைத்த புள்ளியை ஆசிரியர் இழுத்துத் திருத்தக் கூடாது. முதலில் கேட்க வேண்டும், அதுவும் மற்றவர்கள் போன பிறகு.

மணி அடித்து எல்லோரும் போனதும் கேட்டேன். அவள் செய்மதிப் படத்தில் ஜிந்துப்பிட்டிக்குப் போய், முருகன் கோயிலுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் துருப்பிடித்த தகரக் கூரை ஒன்றைக் காட்டினாள்.

“இது எங்க வீடு சேர். ஆனா இப்ப இல்ல.”

வீட்டுக்காரர் அதை உடைத்துவிட்டார். மாடிக் கட்டடம் கட்டப் போகிறாராம். வானத்திலிருந்து எடுத்த படம் பழையது. அதனால் அங்கே மட்டும் கூரை இன்னும் இருந்தது, கூரையில் காய்ந்த துணி உட்பட. இப்போது பாடசாலை நாட்களில் அம்மாவும் அவளும் தம்பியும் அதே ஒழுங்கையில் பெரியம்மா வீட்டில் படுக்கிறார்கள். அப்பா ஆற்றுக்கு வடக்கே உஸ்வெட்டகெய்யாவ கடற்கரையில் ஒரு விடுமுறை பங்களாவுக்குக் காவல். அங்கே அவருக்கு ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் மூவரும் அங்கே போவார்கள். திங்கட்கிழமை விடிய நேராகப் பாடசாலைக்கு வருவார்கள்.

ஆக, பழைய கூரையில் புள்ளியை வைத்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. எல்லோரும் சரி என்றிருப்போம். அவள் அதைச் செய்யவில்லை. பெரியம்மா வீட்டுக்கும் பங்களாவுக்கும் இடையில் ஒரு கோடு இழுத்திருந்தாள். அந்தக் கோடு முகத்துவாரத்தைத் தொட்டுக்கொண்டு கடலுக்குள் இறங்கி, வடக்கே மறுபடி கரை ஏறியது. புள்ளி அந்தக் கோட்டின் மேல்தான் இருந்தது.

அந்தக் கதையில் தம்பி என்ற சொல்தான் என்னை உலுக்கியது. அவனுக்கு அடுத்த ஜனவரியில் தரம் ஒன்று. அவனுடைய விண்ணப்பம் எங்கள் பாடசாலை அலுவலகத்தில் இருந்தது. அதில் எழுதியிருந்த விலாசம், உடைத்த வீட்டினுடையது. எங்கள் ஊரில் முதலாம் தர அனுமதி எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வீட்டிலிருந்து பாடசாலைக்கு வான்வழித் தூரம் அளப்பார்கள். கிட்ட இருப்பவருக்கு இடம். பொய் விலாசம் என்று கண்டால், விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு கதைக்க இடமில்லை. அம்மாவிடம் சொல்லி இப்போதே விலாசத்தை மாற்றி எழுதிக் கொடுக்கச் சொன்னேன். மறுநாள் அவள் பதில் கொண்டுவந்தாள். இடையில் மாற்றினால் முழுவதும் பொய் என்று நினைப்பார்களே என்று அம்மா பயப்படுகிறாராம்.

அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஏனென்றால் அனுமதிக் குழுவை நடத்தியவர் எங்கள் பிரதி அதிபர் மிஸ். அவர் கண்டிப்பானவர். நேர்மையானவர் என்பதால் வந்த கண்டிப்பு அது. அவரும் வெள்ளவத்தை. அனேகமாக இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வீடு திரும்புவோம். காலி வீதியில் பஸ் கொள்ளுப்பிட்டியைத் தாண்டியதும், ஒவ்வொரு குறுக்கு ஒழுங்கையின் முடிவிலும் கடல் ஒரு துண்டாக வந்து போகும். கண்ணை மூடித் திறப்பது போல, கடல், சுவர், கடல், சுவர். நான் அந்தத் துண்டுகளை எண்ணிக்கொண்டு இருப்பது வழக்கம்.

நிரோஷினி பதில் கொண்டுவந்த அன்றைக்கு எண்ண முடியவில்லை. பிரதி அதிபர் பாடம் நடக்கும்போது கொஞ்ச நேரம் வாசலில் நின்று படத்தைப் பார்த்திருக்கிறார். அதில் பாதிப் பிள்ளைகளுக்குத் தம்பி தங்கைகளின் விண்ணப்பங்கள் இருக்கின்றன என்றார். பிள்ளைகள் தாங்களே வைத்த புள்ளி, அதைவிடச் சான்று வேறு என்ன, அந்தப் படத்தை அப்படியே தாருங்கள், விண்ணப்பங்களோடு ஒப்பிட்டுவிடுகிறேன் என்றார்.

நான் அது பாடத்துக்காகக் கேட்டது என்றேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

“சேர், ஒரு பொய் விலாசம் உள்ள வந்தால் உண்மையான பிள்ளை ஒண்டு வெளிய நிக்கும். அந்தப் பிள்ளை உங்கட வகுப்பில இல்லை. அதால உங்களுக்கு அதின்ர முகம் தெரியாது. எனக்குத் தெரியும். பாடசாலைக் கந்தோர் வாசல்ல தாய்மாரோட வந்து நிக்குதுகள்.”

அவர் சொன்னது நியாயம். ஆனால் நான் கேட்டபோது பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கூரையைத் தேடிப் பிடித்தது என்னை நம்பித்தான். நாளைக்குச் சொல்கிறேன் என்று இறங்கினேன். அன்று கடற்கரையில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். துறைமுகத்துக்குள் போகக் காத்திருந்த கப்பல்களை எண்ணினேன். ஒன்பது. விளக்குப் போட்ட கப்பல்கள் ஒவ்வொன்றும் ஒரு வீடு போல நின்றன.

மறுநாள் முதல் பாடத்தில் திரைச்சீலைகளை மூடினேன். இந்தப் படத்தை வேறொரு தேவைக்குக் கேட்கிறார்கள் என்று வகுப்பில் சொன்னேன். என்ன தேவை என்றும் சொன்னேன். நான் கேட்டபோது அதைச் சொல்லவில்லை, ஆகவே அவரவர் புள்ளியை அவரவரே வந்து எடுத்துவிடலாம், வைத்திருக்க விரும்புகிறவர்கள் வைத்திருக்கலாம் என்றேன்.

முதலில் எழும்பி வந்தது அஸ்லம். தன் தண்ணீர்த் தொட்டியை ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் புள்ளியை எடுத்தான். அவனுக்கு மறைக்க எதுவும் இல்லை. அவனுக்குத் தம்பி தங்கையே கிடையாது. அவனுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். சுவரில் கொழும்பு ஒவ்வொரு வீடாக அணைந்தது. கரண்ட் போகும்போது மாடியில் நின்று பார்த்தால் நகரம் ஒரு மூலையிலிருந்து மறையுமே, அப்படி. கடைசியில் கடலில் இருந்த ஒன்று மட்டும் நின்றது. நிரோஷினி வந்து அதையும் எடுத்தாள். வெறும் நீலம் மிஞ்சியது. இந்த முறை யாரும் அலை போலச் சத்தம் போடவில்லை.

பிரதி அதிபரிடம் படம் இப்போது இல்லை என்று சொன்னேன். அவர் “சரி சேர்” என்றார். அதன் பிறகு பஸ்ஸில் வேறு ஆசனம் பார்த்து உட்கார்ந்தார்.

வீடுகளைப் பார்வையிடும் நாட்கள் வந்தபோது, தூரம் அளக்கத் தெரிந்தவர் என்று என் பெயரையும் குழுவில் போட்டார். எனக்குத் தெரிந்த பிள்ளை ஒன்றின் வீடும் அதில் இருக்கிறது, என்னை விடுங்கள் என்றேன். எல்லாருக்கும் தெரிந்த பிள்ளை ஒன்று இருக்கத்தான் செய்யும், வாருங்கள் என்றார். குழுவில் மற்றவர்கள் வேறு வீதிகளுக்குப் போக, ஜிந்துப்பிட்டி எங்கள் இருவருக்கும் வந்தது.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் போனோம். கோயிலில் பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. ஒழுங்கை முழுவதும் சாம்பிராணியும் பொரித்த மீனும் சேர்ந்த ஒரு மணம். கையில் இருந்த டேப்லட்டில் அந்தத் தகரக் கூரை அப்படியே தெரிந்தது. எதிரே தகர வேலி அடித்த வெறும் நிலம். வேலிக்கு உள்ளே பாதி உடைந்த ஒரு சுவர், நீலப் பூச்சு. காலண்டர் தொங்கவிட்ட ஆணி இன்னும் அதில் இருந்தது.

“பாத்தீங்களோ” என்றார் பிரதி அதிபர். விண்ணப்பத்தின் மூலையில் எழுதப் பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான் நிரோஷினி தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் பேக்கரிப் பாணோடு ஒழுங்கைக்குள் வந்தாள். எங்களைக் கண்டதும் நின்றாள். குழாயடியில் நின்ற பெண்கள் வாளியை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பிரதி அதிபர் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள்.

எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவள் அதை மூடிய அறையில் என்னிடம் மட்டும் சொன்னாள். நான் பேசினால், கொடுக்க மாட்டேன் என்று அழித்த படத்தை வாயால் கொடுத்தது போலாகும். பேசாமல் விட்டால் பேனா எழுதிவிடும். இந்த இடத்தில் என்ன செய்யலாம் என்று எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் டேப்லட்டை அவளிடம் நீட்டினேன். அவ்வளவுதான்.

அவள் பாணைத் தம்பியிடம் கொடுத்தாள். சீருடைப் பாவாடையில் விரலைத் துடைத்துக்கொண்டாள். பெரியம்மா வீட்டு வாசலிலிருந்து உஸ்வெட்டகெய்யாவ பங்களா வரை கோடு இழுத்தாள். வாய்க்குள் கணக்குப் பார்த்து, கோட்டை ஏழாகப் பிரித்தாள். எங்கள் பக்கத்திலிருந்து மூன்றை எண்ணி, அங்கே புள்ளியை வைத்தாள். ஆற்று முகத்துக்கு எதிரே, கடலில், முன்பு இருந்த அதே இடம்.

பிரதி அதிபர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

“இதென்ன பிள்ளை, கடலுக்குள்ள?”

“நாலு இரவு இங்க பெரியம்மா வீட்டில மிஸ், மூணு இரவு அப்பாட்ட. அதனாலதான் சரி நடுவில வைக்கல்ல. இந்தப் பக்கம் கொஞ்சம் கிட்ட.”

“ஆர் சொல்லித் தந்தது இப்பிடி வைக்கச் சொல்லி?”

“யாரும் இல்ல மிஸ். சேர் வீட்டில வைக்கச் சொன்னார். ரெண்டு இருந்தா எங்க வைக்கிறதுன்னு சொல்லல்ல.”

குழாயடியில் ஒருத்தி, “சரியாத்தானே சொல்றா” என்றாள், யாரிடமும் இல்லாமல்.

பிரதி அதிபர் திறந்த பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே புள்ளியைப் பார்த்தார். இதைத்தான் அன்றைக்கு வகுப்பிலும் வைத்தாயா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினாள். அனுமதி பற்றி யாரும் கேட்பதற்கு முன்பா? அதற்கும் தலையாட்டினாள். பிரதி அதிபர் என் பக்கம் திரும்பவே இல்லை. பெரியம்மா வீட்டைக் காட்டச் சொன்னார். அது ஓர் அறை வீடு. கொடியில் மூன்று அளவில் உடுப்புகள். மூலையில் சுருட்டிய பாய்கள். நிரோஷினியின் அம்மா பேசப் பயந்து நின்றார். பிரதி அதிபர் அவரைக் கதிரையில் உட்காரச் சொல்லிவிட்டு, தான் நின்றபடியே விசாரித்தார். கூடுதலான இரவுகள் எங்கேயோ அதுதான் வதிவிடம் என்றார். இந்த விலாசத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் எழுதி வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொன்னார். என்னிடம் இந்த வாசலிலிருந்து அளங்கள் என்றார். அளந்தேன். பழைய வீட்டுக்கும் இதற்கும் நாற்பது மீற்றர் வித்தியாசம். அந்த நாற்பது மீற்றருக்காகத்தான் இவ்வளவு பயம்.

டேப்லட்டை நான் திரும்ப வாங்கியபோது திரையில் புள்ளி இல்லை. யாரும் சொல்லாமலே அவள் எடுத்திருந்தாள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் பிரதி அதிபர் பழையபடி என் பக்கத்தில் உட்கார்ந்தார். பம்பலப்பிட்டி வரை கடல், சுவர், கடல், சுவர். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

“நான் எனக்கு ஒண்டு வச்சுப் பாத்தன் சேர், மனசுக்குள்ள. யாழ்ப்பாணத்தில இத்தனை வருசம், இஞ்ச இத்தனை வருசம். எனக்கு வில்பத்துக் காட்டுக்குள்ளதான் விழுது.”

“சிறுத்தைகளோட இருக்க வேண்டியதுதான், மிஸ்” என்றேன்.

“இப்ப மட்டும் ஆரோட இருக்கிறன், உங்களோடதானே” என்றார். இறங்கும் வரை இருவரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு நான் எந்த வகுப்பிலும் வீட்டில் புள்ளி வைக்கச் சொன்னதில்லை. நீங்கள் நடந்து போன ஒரு பாதையைக் காட்டுங்கள் என்பேன். பாடம் அதிலும் நடக்கும். வைத்த படத்தை யார் யார் பார்ப்பார்கள் என்று முதலிலேயே சொல்வேன். பாடம் முடிந்ததும் அவரவர் கையாலேயே எடுக்கச் சொல்வேன். உங்களிடம் இப்போது இருக்கிற கருவிகள் எதையும் மறக்காதவை. ஆகவே மறக்கும் வேலையை நீங்கள்தான் பழக வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வருடம் இடம் கிடைக்காமல் வாசலில் நின்ற பிள்ளைகளை நான் எண்ணவில்லை. எல்லாவற்றையும் எண்ணுகிற நான் அதை மட்டும் எண்ணவில்லை. பிரதி அதிபர் எண்ணியிருப்பார்.

ஜனவரியில் தரம் ஒன்றுப் பிள்ளைகளை வரவேற்கும் நாள். வாசலில் தோரணம், பெரிய பிள்ளைகளின் கையில் பூத்தட்டு. நிரோஷினி தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் சப்பாத்து காலுக்கு ஓர் அளவு பெரிது. கழற்றி மாட்டும் கழுத்துப்பட்டி தாடையில் இடித்தது. முதலாம் தர டீச்சர் குனிந்து, எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்பது போல அவனிடமும் பெயர் என்ன, வீடு எங்கே என்று கேட்டார். நிரோஷினி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தூணோடு நின்றிருந்தேன். பிரதி அதிபர் பதிவுப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்.

அவன் பெயரைச் சொன்னான். பிறகு வலது கையை முருகன் கோயில் பக்கம் நீட்டினான். இடது கையை வடக்கே, துறைமுகக் கிரேன்களுக்கு அப்பால் நீட்டினான். இரண்டையும் நீட்டுவதற்கு அக்காவின் கையை விட வேண்டியிருந்தது. விட்டான். அப்படியே, இரண்டு கைகளும் விரிந்தபடி, வாசலுக்குள் நடந்து போனான்.